பதினேழாம் குழாய்

குமாசி நகரில் மின்சாரம் எப்போது போகும் என்று யாராலும் சொல்ல முடியாது. போனதும் ஜெனரேட்டர் பார்த்துக்கொள்ளும் சார்போங் என்ன செய்வார் என்பதை மட்டும் பல்கலைக்கழகத்தின் அந்த மூன்று மாடிக் கட்டடத்தில் எல்லோராலும் சொல்ல முடியும். கையில் பாதி தின்ற சோளக் கென்கே உருண்டை இருந்தாலும் சரி, வாயில் பாதி சொன்ன கதை இருந்தாலும் சரி, அப்படியே விட்டுவிட்டு ஜெனரேட்டர் கொட்டகைக்கு ஓடுவார். ஐம்பத்தெட்டு வயதுக்கு அது நல்ல ஓட்டம்தான். இரண்டு நிமிடத்தில் இயந்திரம் உறுமத் தொடங்கும். மேல்மாடி ஆய்வுக்கூடத்துக் குளிர்பெட்டியில் பச்சை விளக்கு மறுபடி எரியும். அதன் பிறகுதான் டாக்டர் செர்வாவுக்கு மூச்சு வரும்.

அந்தப் பெட்டிக்குள் அவளுடைய மூன்று வருட உழைப்பு இருந்தது. சுண்டுவிரல் நீளத்தில் ஒரு காகிதப் பட்டை. அதில் ஒரு தலைமயிரை இரண்டாயிரமாகக் கீறினால் கிடைக்கும் அளவுக்குப் பொடிப்பொடியான தங்கத் துகள்கள். ஆண்களின் புரோஸ்டேட் சுரப்பியில் புற்றுநோய் வந்தால் ரத்தத்தில் ஒரு புரதம் கூடும். அது பட்டையில் பட்டதும் துகள்கள் அதைப் பிடித்துக்கொண்டு ஓரிடத்தில் கூடி நின்று சிவப்புக் கோடாகத் தெரியும். கோட்டின் மேல் ஒரு சின்ன விளக்கின் ஒளியைப் பாய்ச்சி, எவ்வளவு திரும்பி வருகிறது என்று அளந்தால் புரதத்தின் அளவு தெரிந்துவிடும். பெரிய இயந்திரம் வேண்டாம், பெரிய ஆஸ்பத்திரி வேண்டாம்; கிராமத்து நர்ஸ் ஒருத்தி மரத்தடியில் உட்கார்ந்து பார்த்துச் சொல்லிவிடலாம். நல்ல கனவுதான், அதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை.

சார்போங்குக்கு மட்டும் அந்தத் தங்கத்தின் மேல் ஒரு குறை இருந்தது.

"தங்கம் விளையற ஊர்ல பொறந்துட்டு, தங்கத்தை வெளிநாட்டுலேருந்து சீசாவுல வரவழைக்கிற. வந்து பார்த்தா செவப்புத் தண்ணியா இருக்கு. இதைக் கொண்டுபோய்த் தங்கம்னு சொன்னா உன் அத்தை என்னை வீட்டுக்குள்ளயே விடமாட்டா."

"அவ்வளவு பொடியா இருந்தா தங்கம் செவப்பாத்தான் தெரியும் மாமா."

"தெரியும், தெரியும். நீ படிச்சவ. ஏமாத்தினாலும் அழகா ஏமாத்துவ."

மாமா என்பது ரத்த உறவில் வந்த அழைப்பு அல்ல. அசாந்திக்காரர்களுக்குத் தாய்மாமனுக்கு மேலே ஒரு ஆண்பிள்ளை கிடையாது; மதிக்கிற மனிதரையெல்லாம் அப்படித்தான் அழைப்பார்கள். அவரும் ஆட்கள் முன்னால் அவளை டாக்டரம்மா என்பார், மற்ற நேரத்தில் தாயி என்பார்.

பட்டை சரியாக வேலை செய்கிறது என்று நிரூபிக்க நோயாளிகளின் ரத்தம் நாற்பது வேண்டும், நோயில்லாதவர்களின் ரத்தமும் நாற்பது வேண்டும். நோயாளிகளுடையது ஆஸ்பத்திரியிலிருந்து முறைப்படி வந்துவிட்டது. நோயில்லாதவர்கள்தான் கிடைக்கவில்லை. ஐம்பது வயது தாண்டிய, உடம்புக்கு ஒன்றும் இல்லாத ஆண்கள் தேவை என்று செர்வா வளாகம் முழுக்க அறிவிப்பு ஒட்டினாள். ஒரு வாரமாக ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. ரத்தத்தை எடுத்துக் கப்பலில் ஏற்றுகிறார்கள் என்று தோட்டக்காரர்களிடையே ஒரு பேச்சு கிளம்பியிருந்தது.

"பேப்பர் ஒட்டினா யாரு வருவா? ஆளு போய்க் கூப்பிடணும்," என்றார் சார்போங்.

மறுநாள் காலையில் அவரே கூட்டிக்கொண்டு வந்தார். தோட்டக்காரர்கள், வாயில் காவலர்கள், பேருந்து ஓட்டுகிறவர்கள், வேப்பமரத்தடியில் கடிகாரம் பழுதுபார்க்கிற ஆள் என்று அவரோடு சேர்த்து நாற்பது பேர். அத்தனை பேரும் படிக்கட்டில் தயங்கித் தயங்கி நின்றார்கள்.

"எதுக்குப் பயப்படறீங்க? நம்ம பொண்ணு. என் ரத்தத்துல என்ன இருக்கு, ஃபுஃபுவும் ஆட்டுச் சூப்பும்தான். கப்பல்ல ஏத்தினா வெள்ளைக்காரன் ஒரு சுத்துப் பெருப்பான், அவ்வளவுதான்," என்று சட்டைக் கையை மடித்தார்.

"உன் ரத்தத்துல டீசல் இல்ல இருக்கும்," என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

வரிசை சிரித்தது. சிரிப்போடு பயமும் போய்விட்டது.

ஊசி போட வந்த நர்ஸ் பத்து மணிக்குத் திரும்ப வேண்டும். அதனால் படிவத்திலுள்ள கேள்விகளை செர்வா வேக வேகமாகக் கேட்டாள். சார்போங்கின் முறை வந்தது.

"ரத்தக்கொதிப்பு உண்டா மாமா?"

"அமைதி."

"சர்க்கரை?"

"அமைதி."

"ஒண்ணுக்குப் போறதுல ஏதாவது சிரமம்?"

"அமைதிதான் தாயி." நலம் விசாரித்தால் அந்த ஊரில் எல்லோரும் முதலில் சொல்லும் பதில் அது.

அவர் உடனே எழுந்திருக்கவில்லை. தொப்பியைக் கழற்றி முழங்காலில் வைத்துத் தடவிக்கொண்டு, இன்னும் ஏதோ மிச்சம் இருப்பதுபோல உட்கார்ந்திருந்தார். நர்ஸ் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். செர்வா மூன்று கட்டங்களிலும் 'இல்லை' என்று குறித்துவிட்டு, "அடுத்த ஆள் வாங்க," என்றாள். சார்போங் எழுந்து ஊசிக்குப் போனார். ரத்தம் கொடுத்த எல்லோருக்கும் ஒரு மால்ட் பாட்டிலும் ரொட்டியும் கிடைத்தன.

படிவத்தின் கடைசியில் ஒரு வரி உண்டு. இந்தச் சோதனை இன்னும் முழுமை பெறாதது. இதன் முடிவு கலந்துகொண்டவர்களுக்குத் தெரிவிக்கப்பட மாட்டாது. நெறிமுறைக் குழு கேட்டுப் போடவைத்த வரி. அரைகுறைச் சோதனையை நம்பி யாரும் பயந்துவிடக் கூடாது என்பது அதன் நோக்கம், அது நியாயமானதும்தான். குழாய்களில் பெயர் எழுதவில்லை, கலைத்துப் போட்ட எண்கள்தான். எந்த எண் யாருடையது என்ற பட்டியல் செர்வாவின் மேஜை இழுப்பறையில் பூட்டப்பட்டது.

மூன்று மாதம் கழித்து எல்லா அளவுகளும் கணினித் திரையில் புள்ளிகளாக வந்து உட்கார்ந்தன. மேலே நோயாளிகளின் நாற்பது புள்ளிகள், கீழே நோயில்லாதவர்களுடையவை, நடுவில் ஒரு வெள்ளை இடைவெளி. அந்த இடைவெளியில் ஒரு கோடு போட முடிந்தால் பட்டை ஜெயித்தது என்று அர்த்தம். ஆனால் கீழ்க்கூட்டத்தைச் சேர்ந்த இரண்டு புள்ளிகள் மேலே ஏறிப்போய் நின்றன, பதினேழும் முப்பத்தொன்றும். செர்வா புதுப் பட்டை எடுத்து மறுபடி பார்த்தாள். மூன்றாம் தடவையும் பார்த்தாள். முப்பத்தொன்று கொஞ்சம் தாழ்ந்தது, அவ்வளவுதான். பதினேழு நோயாளிகளுக்கு நட்ட நடுவில் அசையாமல் நின்றது.

துறைத் தலைவர் பேராசிரியர் அசாரே மூக்குக் கண்ணாடிக்கு மேலாகத் திரையைப் பார்த்தார்.

"யாரு இந்த ரெண்டு பேரும்?"

"நோயில்லாதவங்க வரிசை சார். பதினேழு, முப்பத்தொண்ணு."

"நோயில்லாதவனுக்கு எப்படிம்மா இவ்வளவு வரும்? ரத்தம் எடுக்கும்போது செல் உடைஞ்சிருக்கும். செவப்பு கலந்தா ஒளி தப்பாத்தான் காட்டும். ரெண்டையும் எடுத்துடு."

"சீரம் தெளிவாத்தான் சார் இருக்கு."

"இருக்கட்டும். இந்த ரெண்டையும் வச்சு அனுப்பினா பத்திரிகைக்காரன் மறு தபால்ல திருப்பி அனுப்புவான். நாற்பதுல ரெண்டு. வெள்ளிக்கிழமை கடைசி நாள். நீயே யோசிச்சுக்க."

அவர் போன பிறகு செர்வா பதினேழாம் குழாயை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். ரத்தத்திலிருந்து பிரித்தெடுத்த சீரம், சமையல் எண்ணெய் மாதிரி தெளிந்த மஞ்சள். சிவப்பு என்று சொல்ல மருந்துக்கும் இல்லை. இழுப்பறை அவள் முழங்காலுக்குப் பக்கத்தில் இருந்தது, சாவி கழுத்துப் பட்டியில் தொங்கியது. குழுவுக்கு ஒரு கடிதம் எழுதினால் பெயரைப் பார்க்க அனுமதி கொடுத்துவிடுவார்கள். வயதினால் சுரப்பி வீங்கினாலும் அந்தப் புரதம் கூடும், கிருமி தாக்கினாலும் கூடும். எது என்று மருத்துவர்தான் சொல்ல முடியும். ஆனால் மருத்துவரிடம் போங்கள் என்று யாராவது ஒருவர் அந்த மனிதனிடம் சொல்ல வேண்டும் அல்லவா?

குழுவின் விதிதான் அவளைத் தடுத்தது என்று பின்னாளில் சிலர் பரிந்து பேசினார்கள். விதி அவளைத் தடுக்கவில்லை, அவளுக்கு வசதியாக இருந்தது என்பதே உண்மை. பெயரைப் பார்த்துவிட்டால் அது ஒரு மனிதன் ஆகிவிடும்; மனிதனைத் திரையிலிருந்து எடுத்துவிட்டு வெள்ளிக்கிழமைக்குள் கட்டுரை அனுப்புவது கஷ்டம். எண்ணாகவே இருந்தால் விரலால் ஒரு தட்டு போதும். 'ரத்தச் செல் சிதைவு காரணமாக இரண்டு மாதிரிகள் நீக்கப்பட்டன' என்று அவள் ஒரு வரி எழுதினாள். அவள் வாழ்நாளில் தெரிந்தே எழுதிய முதல் பொய் அது. இரண்டு புள்ளிகளும் மறைந்தன, வெள்ளை இடைவெளி துடைத்து வைத்ததுபோல ஆனது.

ஆகஸ்டில் கட்டுரை வெளிவந்தது. வானொலியில் செர்வாவின் குரல் கேட்டது, ஒரு பரிசுக்கு அவள் பெயர் போனது. துறையில் விருந்து வைத்தார்கள். ஜொல்லோஃப் சோறு, சுட்ட திலாப்பியா மீன், பொரித்த வாழைப்பழம். பேராசிரியர் பேசும்போது எல்லோருக்கும் நன்றி சொல்லி, கடைசியில் ஜெனரேட்டருக்கும் நன்றி சொன்னார்.

"ஜெனரேட்டருக்கு நன்றி சொன்னார், அதுக்குச் சோறு போட மறந்துட்டார்," என்று சார்போங் இரண்டாவது மீனை எடுத்துக்கொண்டார். உட்காரும்போது நாற்காலியின் ஓரத்தில் ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்தார்.

"என்ன மாமா, இடுப்பா?"

"பிடிப்பு. அந்தக் கிழட்டு இயந்திரத்தோட மல்லுக்கட்டி மல்லுக்கட்டி வந்தது."

செர்வா அன்று மாலையே கடைக்குப் போய் ஒரு தைலம் வாங்கிவந்து கொடுத்தாள். நல்ல மனதோடுதான் கொடுத்தாள்.

ஜனவரியில், ஹர்மட்டான் புழுதிக்காற்று வானத்தை மூடியிருந்த ஒரு முற்பகல், மின்சாரம் போனது. இரண்டு நிமிடம் ஆயிற்று, ஐந்து நிமிடம் ஆயிற்று, இயந்திரம் உறுமவில்லை. செர்வா படிகளில் இறங்கி ஓடினாள். சார்போங் கொட்டகைத் தரையில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தார்.

"காலு சொன்ன பேச்சைக் கேக்கல தாயி. என்னை அப்புறம் பாரு. அந்தச் செவப்புச் சுவிட்சைத் தட்டு முதல்ல, பொட்டி சூடாயிடும்."

ஆஸ்பத்திரியில் பத்து நாள் பார்த்தார்கள். புரோஸ்டேட்டில் தொடங்கிய புற்றுநோய் முதுகெலும்புக்குப் பரவிவிட்டது. இனி வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள். "போன வருஷம் நடுவுலயாவது கூட்டிக்கிட்டு வந்திருந்தா அந்தச் சுரப்பியோட நிறுத்தியிருப்போம்னு டாக்டர் சொல்றார். எங்களுக்கு எப்படித் தெரியும்? எங்களுக்கு யாரு சொன்னா?" என்று அவர் மனைவி அச்சியா ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் செர்வாவின் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

போன வருடம் நடுவில். செர்வா அங்கிருந்து நேராக ஆய்வுக்கூடத்துக்கு வந்தாள். இழுப்பறையைத் திறக்க ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. பட்டியலில் விரலை வைத்து இறங்கினாள். பதினேழு என்ற எண்ணுக்கு எதிரில், அவள் கையெழுத்திலேயே, சார்போங்கின் பெயர் இருந்தது. அதற்கு மேல் அந்தக் காகிதத்தைப் பார்க்க அவளுக்குத் தெம்பு இல்லை. மூடிப் பூட்டிவிட்டு, பேராசிரியரிடம் போய்ச் சொன்னாள்.

"அவர் வீட்டுப் பக்கம் போகாதே," என்றார் பேராசிரியர். அவர் முகமும் வெளுத்துத்தான் இருந்தது. "துறையோட பேர்ல ஒரு பழக்கூடை அனுப்பு. ஆறுதல் சொல்லு. இந்தக் குழாய் விஷயத்தை மட்டும் வாய்விட்டுச் சொல்லிடாதே. படிவத்துல அவர் கையெழுத்து இருக்கு. சட்டப்படி நாம சுத்தம்."

"சட்டப்படி சார்," என்றாள் செர்வா.

இரண்டு நாள் அவள் சாப்பிடவில்லை. சொல்லாமல் இருந்தால் உலகத்தில் யாருக்கும் தெரியப்போவதில்லை. வேலை இருக்கும், பெயர் இருக்கும், பரிசும் வரலாம். ஆனால் மாமா என்று இனிமேல் எந்த வாயால் கூப்பிடுவது? சனிக்கிழமை காலை அவள் பழக்கூடை இல்லாமல் வெறுங்கையோடு கிளம்பினாள்.

அயிஜா பகுதியில் ஒரே முற்றத்தைச் சுற்றி ஏழு குடும்பங்கள் இருக்கும் வீடு. சார்போங் தலையணைகளுக்கு நடுவே சாய்ந்திருந்தார். அச்சியா நாற்காலி போட்டு, ஒரு குவளை தண்ணீர் கொடுத்து, அவள் குடிக்கும்வரை காத்திருந்துவிட்டு முறைப்படி கேட்டாள்.

"இங்க அமைதி. நீ கொண்டுவந்த சேதி என்ன?"

"அமைதியாத்தான் வந்தேன் அத்தை," என்றது செர்வாவின் வாய்.

வாய் தானாகச் சொல்லும் வார்த்தை அது. சாவுச் செய்தி கொண்டு வந்தவனும் முதலில் அமைதி என்றுதான் சொல்வான். வீட்டுக்காரர் இரண்டாம் முறை கேட்ட பிறகுதான் உள்ள விஷயம் வெளியே வரும். பேசத் தெரிந்த நாளிலிருந்து செர்வா பழகிய முறை. அவள் குவளையைப் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்துவிட்டாள். படிவமும், மூன்று கட்டங்களும், தொப்பியைத் தடவிக்கொண்டிருந்த கையும் அவளுக்கு ஞாபகம் வந்தன.

"சரி, அமைதி ஆச்சு," என்றார் சார்போங், மெல்லிய குரலில். "இப்ப சொல்லு தாயி. எதுக்கு வந்த?"

அவள் சொன்னாள். பதினேழாம் எண், மூன்று தடவை பார்த்தது, தெளிந்த மஞ்சள், பக்கத்திலேயே இருந்த சாவி, எழுதிய பொய். எதையும் பேராசிரியர் தலையில் போடாமல் எல்லாவற்றையும் சொன்னாள்.

அச்சியா எழுந்து வந்து அவள் கையிலிருந்த குவளையை வாங்கிக்கொண்டாள்.

"கரண்டு போனா உன் பொட்டிக்காகத் தட்டுல கைவச்ச சோத்தை அப்படியே விட்டுட்டு ஓடுவாரு இந்த மனுசன். அந்தப் பொட்டிக்குள்ள இவரு உயிரை வச்சுப் பூட்டிட்டு, எட்டு மாசமா மாமா மாமான்னு கூப்பிட்டுக்கிட்டு இருந்திருக்க."

"இவருன்னு தெரியாது அத்தை. நான் பேரைப் பாக்கல."

"அதைத்தான் சொல்றேன். பாக்கல. இவரா இருந்தா துடிச்சிருப்ப, வேற யாரோன்னா வாரிக் கொட்டிருவ, இல்லையா?"

சார்போங் கையைக் காட்டி மனைவியை நிறுத்திவிட்டுப் பேசினார்.

"அன்னிக்கு நீ கேட்டியே, ஒண்ணுக்குப் போறதுல சிரமமான்னு. அப்பவே ராத்திரிக்கு நாலு தடவை எழுந்திரிச்சுக்கிட்டுதான் இருந்தேன். உன் அத்தைகிட்டகூடச் சொல்லல, வெக்கம். எடுத்த எடுப்புல எப்படிச் சொல்றது, அமைதின்னேன். ரெண்டாவது தடவை நீ கேப்பேன்னு உக்காந்திருந்தேன். நீ அடுத்த ஆளைக் கூப்பிட்டுட்ட."

குற்றம் சாட்டுகிற குரலே இல்லை. நடந்ததை நடந்தபடி சொன்னார். செர்வா நாற்காலியிலிருந்து இறங்கித் தரையில் மண்டியிட்டு, கட்டிலின் சட்டத்தில் நெற்றியை வைத்து அழுதாள். அவர் அவளை அழவிட்டார். பிறகு திடீரென்று கேட்டார்.

"ரெண்டு குழாயைத் தள்ளினேன்னு சொன்ன இல்ல?"

"ஆமா மாமா."

"ஒண்ணு நான். இன்னொண்ணு யாரு?"

அவள் தலையைத் தூக்கினாள். "பாக்கல."

"இன்னுமா பாக்கல?" அப்போதுதான் அந்தக் குரலில் கோபம் வந்தது. "அத்தனை பேரையும் கூட்டிக்கிட்டு வந்தவன் நான். பயப்படாதீங்க, நம்ம பொண்ணுன்னு சொல்லிக் கூட்டிக்கிட்டு வந்தேன். அதுல ஒருத்தன் எங்கேயோ உக்காந்து இடுப்புக்குத் தைலம் தேய்ச்சுக்கிட்டு இருக்கான். நீ இங்க வந்து என் காலடியில அழுதுக்கிட்டு இருக்க. எனக்கு நேரம் போயிருச்சு, அவனுக்கு இருக்கோ என்னமோ. எழுந்திரு. அழறதுக்கு அப்புறமா வா."

பட்டியலில் முப்பத்தொன்றுக்கு எதிரில் இருந்தது கடிகாரம் பழுதுபார்க்கிற இசாக்காவின் பெயர். வளாகத்தில் அவன் உட்கார்ந்திருந்த வேப்பமரத்தடி காலியாக இருந்தது, படிவத்தில் கொடுத்த போன் எண் செத்துக்கிடந்தது. அவன் அசாவாசேயில் தங்கை வீட்டில் இருப்பதாக வாயில் காவலர் சொன்னார். தங்கை வீட்டுக்குப் போனால், அண்ணன் பெரிய சந்தையில் எங்கேயோ கடை போட்டிருப்பதாகச் சொன்னார்கள். அந்தச் சந்தையில் தொலைந்த ஆட்டையே தேடிப் பிடிக்க முடியாது. துணிக்கடை வரிசை, செருப்புக் கடை வரிசை, கருவாட்டு வரிசை என்று செர்வா சந்து சந்தாக விசாரித்து அலைந்தாள். சுமை தூக்கும் பெண்கள் இடித்துத் தள்ளினார்கள். "என்னம்மா, புருஷனைத் தொலைச்சுட்டியா?" என்று ஒரு தக்காளிக்காரி கேட்டாள். மூன்றாம் நாள் மதியம் ஒரு மாடிப்படிக்குக் கீழே, ஒரு கண்ணில் லென்ஸை இடுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்த இசாக்காவைக் கண்டாள்.

உடம்பு எப்படி என்று கேட்டாள். அமைதி என்றான். அவன் முக்காலியைக் கொஞ்சம் நகர்த்தச் சொல்லிப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டு, மறுபடி கேட்டாள். இசாக்கா லென்ஸைக் கழற்றி மேஜையில் வைத்தான். சுற்றும் முற்றும் பார்த்தான். பிறகுதான் சொல்லத் தொடங்கினான். அன்றைக்கே அவனை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனாள். நோய் இருந்தது. இன்னும் சுரப்பியைத் தாண்டவில்லை.

அதற்குப் பிறகு அவள் நெறிமுறைக் குழுவிடம் போய் நடந்ததையெல்லாம் எழுதிக் கொடுத்தாள். பத்திரிகைக்கும் எழுதினாள். நீக்கிய இரண்டு புள்ளிகளும் திரும்பி வந்தன, வெள்ளை இடைவெளி இல்லாமல் போனது. பரிசுப் பட்டியலிலிருந்து அவள் பெயரை எடுத்தார்கள். பேராசிரியர் அசாரே தாழ்வாரத்தில் அவளைக் கண்டால் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு போனார். வேடிக்கை என்னவென்றால், அவளுடைய பட்டை முதலிலிருந்தே சரியாகத்தான் வேலை செய்திருந்தது. நோயைக் கண்டுபிடிக்கத்தான் அதைச் செய்தாள்; அது கண்டுபிடித்துக் கொடுத்த இரண்டு பேரை அவளே நம்பவில்லை.

அயிஜா வீட்டு வாசலிலிருந்து அச்சியா அவளை இரண்டு தடவை திருப்பி அனுப்பினாள். ஏப்ரலில் முதல் மழை பெய்து ஓய்ந்த ஒரு சாயங்காலம், மூன்றாம் தடவை போனபோது, அச்சியா கதவை விட்டு ஒதுங்கி நின்றாள். சார்போங் பாதி ஆளாக இருந்தார். கைகள் மட்டும் பழைய கைகளாக இருந்தன.

"இசாக்கா எப்படி இருக்கான்?" என்றார் அவளைப் பார்த்ததும்.

"ஆபரேஷன் ஆச்சு மாமா. கடைக்கு வர ஆரம்பிச்சுட்டார். சரியான நேரத்துல வந்துட்டீங்கன்னு டாக்டர் சொன்னாராம்."

"நல்லது. அவனுக்குச் சின்னப் பிள்ளைங்க." அவர் கண்ணை மூடிக்கொண்டார். வலி வந்து போகும்வரை செர்வா அவர் தலையணையைத் தாங்கிப் பிடித்தாள்.

"இப்ப புதுசா வர்ற பிள்ளைங்களுக்கு முதல் நாளே ஒண்ணு சொல்றேன் மாமா," என்றாள் பிறகு. "வரிசையை விட்டு ஒரு எண் தள்ளி நின்னா அதை அழிச்சுடாதீங்க. அது ஒரு மனுஷன், நம்மகிட்ட ஏதோ சொல்ல வந்த மனுஷன். காரணம் கண்டுபிடிச்சு அவரை வெளியே தள்றதுக்கு முன்னாடி, அவர் யாருன்னு தேடிப் போய்க் கேளுங்க. நம்ம ஆளா, தெரியாத ஆளான்னு பாக்காதீங்க. அதைச் செய்யலேன்னா நாம பண்ற ஆராய்ச்சி யாருக்கும் உதவாது. இதைத்தான் சொல்றேன்."

"நல்ல பாடம். சொல்லு, எல்லாருக்கும் சொல்லு." சார்போங் அவள் பக்கம் முகத்தைத் திருப்பினார். "இசாக்காவைத் தேட உனக்கு எத்தனை நாள் ஆச்சு?"

"மூணு நாள் மாமா."

"மூணு நாள்," என்று அவர் தலையசைத்தார். "போன் இல்லாதவன், இடம் மாறிப் போனவன். அவ்வளவு பெரிய சந்தை. மூணே நாள்."

அவள் கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டார்.

"நான் கீழே கொட்டகையிலதானே உக்காந்திருந்தேன் தாயி. ஒரு குரல் குடுத்திருந்தா மேல வந்திருப்பேனே."